கில்ட்டுக்கு எந்த ஹோஸ் போடுறது? கலர்ல இருந்து மடிப்பு வரைக்கும் முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்துக்கு வந்த புதுசுல ஸ்டிர்லிங் பக்கம் ஒரு ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு கில்ட் (ஸ்காட்லாந்து ஆம்பளைங்க உடுத்துற கட்டம் போட்ட பாவாடை) வாடகைக்கு எடுத்துப் போட்டேன். கடையில கில்ட், ஜாக்கெட், ஸ்போரன் (இடுப்புக்கு முன்னாடி தொங்குற பை), ஷூ எல்லாத்தையும் ஒரே பையில போட்டு, கூடவே பளீர்னு ஒரு வெள்ளை சாக்ஸையும் திணிச்சுக் குடுத்துட்டாங்க, நானும் வாயத் தொறக்காம மாட்டிட்டுப் போயிட்டேன். ஃபோட்டோ வந்தப்புறம் பாத்தா ரெண்டு கால்லயும் மாவுக்கட்டு போட்ட ஆளு மாதிரி நிக்கிறேன். மாப்பிள்ளைய விட என் கெண்டைக்கால்தான் பளிச்சுனு தெரியுது. அன்னிக்கு ஆரம்பிச்ச ஆராய்ச்சிதான் இது, இப்ப என்கிட்ட ஆறு ஜோடி இருக்கு, வீட்டுல திட்டும் இருக்கு.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். கில்ட் டிரெஸ்ல உங்களுக்கு சாய்ஸே கம்மி. டார்ட்டன், அதாவது கில்ட் துணியோட கட்டம் போட்ட டிசைன், குடும்பப் பேரு வழியாவோ ராணுவ ரெஜிமென்ட் வழியாவோ ஊரு வழியாவோ வந்துடும், ராத்திரி ஜாக்கெட்னா பெரும்பாலும் கருப்பு, ஷூ கருப்பு இல்லன்னா பிரவுன். உங்க ரசனையக் காட்ட மிச்சம் இருக்குற இடம் முழங்காலுக்குக் கீழ ஒரு அடி, அவ்ளோதான். அந்த இடத்தையும் வாடகைப் பையில வர்ற க்ரீம் கலருக்கு விட்டுக்குடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு சொல்லுங்க.

பேரு தெரியாதவங்களுக்காக சுருக்கமா: ஹோஸ்னா கில்ட்டோட போடுற உயரமான கம்பளி சாக்ஸ், முழங்காலுக்குக் கீழ வந்து வெளிப்பக்கமா மடிஞ்சு நிக்கும். மடிப்புக்குள்ள ஒரு எலாஸ்டிக் பட்டை, அதுல இருந்து மடிப்புக்குக் கீழ எட்டிப் பாக்குற ரெண்டு துணி நாக்கு, அதுக்குப் பேரு ஃப்ளாஷ். வலது கால் சாக்ஸுக்குள்ள சொருகுற சின்னக் கத்திதான் ஸ்கியன் டூ, கேலிக் மொழியில கருப்புக் கத்தின்னு அர்த்தம்.

ஸ்டெப் 1: எங்க போறீங்க, எத்தன மணிக்கு?

கலர முடிவு பண்றதுக்கு முன்னாடி இத முடிவு பண்ணுங்க, நெறைய பேரு தலைகீழா பண்றாங்க. நான் வச்சிருக்குற கணக்கு ரொம்ப சிம்பிள். பகல்னா ஒரே கலர், அடங்கின கலர், நூல் கொஞ்சம் தடியா முரட்டுப் பின்னலா இருக்கலாம். ராத்திரி ஃபார்மல்னா டிசைன் உள்ள ஹோஸ், மெல்லிசான பின்னல். பகல்ல ட்வீட் (முரட்டுக் கம்பளித் துணி) ஜாக்கெட்டோட கட்டம் போட்ட பகட்டு ஹோஸ் போட்டா நாடகத்துக்கு வேஷம் கட்டின மாதிரி இருக்கும், ராத்திரி டப்ளெட்னு சொல்ற வெல்வெட் ஜாக்கெட்டோட தடியான ட்ரெக்கிங் சாக்ஸ் மாதிரி ஒண்ண போட்டா மலை ஏறிட்டு நேரா டின்னருக்கு வந்துட்டீங்களான்னு கேப்பாங்க.

கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் கூட்டத்துல நீங்க ஒருத்தர்னா உங்களுக்கு சாய்ஸ் கிடையாது, அவங்க எத சொல்றாங்களோ அத போடுங்க, அது க்ரீமா இருந்தாலும் சரி. மாப்பிள்ளையே நீங்கன்னா தோழர்களுக்கு எல்லாம் ஒரு கலரும் உங்களுக்கு மட்டும் வேற கலரும் வச்சுக்கலாம், கூட்டத்துல மாப்பிள்ளை யாருன்னு தேட வேண்டியதில்ல. சும்மா விருந்தாளியா போறீங்கன்னா பாட்டில் பச்சை, நேவி ப்ளூ, மெரூன் இதுல ஒண்ணு போதும். விருந்தாளி மாப்பிள்ளைய விட தூக்கலா போகக் கூடாதுங்குற நாகரிகம் அங்கயும் உண்டு.

ஜனவரி 25, ஸ்காட்லாந்து கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பொறந்த நாளு, பர்ன்ஸ் சப்பர்னு ஊரெல்லாம் விருந்து வைப்பாங்க. இதுல எத போடுறதுன்னு எல்லாரும் குழம்புறாங்க, ஏன்னா ஒரு பர்ன்ஸ் சப்பர் நட்சத்திர ஓட்டல்ல போ டையோட நடக்கும், இன்னொண்ணு சர்ச் ஹால்ல பிளாஸ்டிக் சேர் போட்டு நடக்கும். இன்விடேஷன்ல பிளாக் டைன்னு இருந்தா டிசைன் ஹோஸ எடுங்க, இல்லன்னா பகல் விதிப்படி ஒரே கலர்ல போங்க. நவம்பர் 30 செயின்ட் ஆண்ட்ரூஸ் டேக்கும் இதே கணக்குதான். கேலின்னு (ceilidh) சொல்ற ஸ்காட்லாந்து கூட்டு நடனம் இருக்குன்னா மட்டும் கலர விட எலாஸ்டிக்க நல்லா பாத்துக்கங்க, ஸ்ட்ரிப் த வில்லோன்னு ஒரு டான்ஸ் இருக்கு, ஆள புடிச்சு சுத்தி சுத்தி அடுத்த ஆளுகிட்ட வீசுவாங்க, அது முடியுறப்ப பாதிப் பேரோட சாக்ஸ் கணுக்கால்ல கெடக்கும்.

சாவு வீடுன்னா கரிச்சாம்பல், கருப்பு, ரொம்ப டார்க்கான நேவி. ஃப்ளாஷும் அதே மாதிரி டார்க்கா. கருப்பு ஹோஸ துக்கத்துக்கு மட்டும்தான் போடணும்னு சில பெருசுங்க சொல்லுவாங்க, ஆனா இப்ப வாடகைக் கடையில பாதிக்கு மேல கருப்பும் சாம்பலும்தான் தொங்குது, பசங்க கல்யாணத்துக்கே போடுறாங்க, யாரும் கண்டுக்கிறதில்ல. என்னைக் கேட்டா டார்க் டார்ட்டன், கருப்பு ஜாக்கெட், கருப்பு ஷூ, கருப்பு ஹோஸ்னு எல்லாம் ஒண்ணா சேந்தா இடுப்புல இருந்து கீழ ஒரே இருட்டாதான் தெரியும், அதனால கரிச்சாம்பல் பெட்டர்.

ஹைலேண்ட் கேம்ஸ் பாக்கப் போறீங்கன்னா, செப்டம்பர் மாசம் முதல் சனிக்கிழமை ப்ரேமர்ல நடக்குமே அது மாதிரி இடத்துக்கு, புல்லு சேறு மழை எல்லாம் உண்டு. பாசிப் பச்சை, ஓட்ஸ் கலர், பிரவுன், கடுகு மஞ்சள்னு மண்ணோட ஒட்டுற கலர்ல தடியான ஹோஸ். வெள்ளையில போனா சாயங்காலம் அது என்ன கலர்னு உங்களுக்கே தெரியாது. ஃபுட்பால் மேட்ச்னா விதியே கிடையாது, டார்ட்டன் ஆர்மின்னு சொல்ற ஸ்காட்லாந்து ரசிகர் கூட்டம் கில்ட்டோட மலையேறுற பூட்ஸ் போட்டு சாக்ஸ கீழ சுருட்டி விட்டுட்டுதான் திரியும். 2024 யூரோ கப்புல மியூனிக்ல முதல் மேட்ச்லயே ஜெர்மனிகிட்ட 5-1 வாங்கினாங்க, அதுக்காகவா ஆட்டம் பாட்டத்த நிறுத்தினாங்க?

அப்ப வெள்ளை யாருக்குத்தான்னு கேட்டா, பேக்பைப் வாசிக்கிற பைப் பேண்டுக்கு. ஆகஸ்ட்ல கிளாஸ்கோ கிரீன்ல உலக பைப் பேண்ட் சாம்பியன்ஷிப் நடக்கும், அங்க வரிசையா ஒரே மாதிரி கால் எடுத்து வைக்கும்போது வெள்ளை ஹோஸ் அவ்ளோ அழகு. ஆனா அது யூனிஃபார்ம், எத போடணும்னு பேண்டோட தலைவர் பைப் மேஜர் முடிவு பண்ணுவாரு. தனி ஆளு அத போட்டா கூட்டத்துல இருந்து பிரிஞ்சு வந்த பேண்ட்காரர் மாதிரி இருக்கும். போட்டியில ஆடுற ஹைலேண்ட் டான்சர்ஸ் வேற கதை, அவங்க கில்ட்டோட அதே டார்ட்டன்லயே ஹோஸும் போடுவாங்க, குதிக்கிறப்ப கால் வேலை முழுக்க கண்ணுல படணும்ல.

ஸ்டெப் 2: கில்ட்ட வெளிச்சத்துல விரிங்க

ட்யூப்லைட்ல பாக்காதீங்க, ஜன்னல் பக்கம் போங்க. டார்ட்டன்ல பெரிய கட்டமா வர்றது எந்த கலர், நடுத்தரமா வர்றது எது, ஒத்த நூல் கோடா ஓடுறது எதுன்னு எண்ணுங்க. நம்ம வீட்டுல கட்டம் போட்ட சேலைக்கு ப்ளவுஸ் எப்படி எடுப்பாங்க? உடம்புல நெறைஞ்சிருக்குற கலர எடுத்தா சப்புனு இருக்குன்னு சொல்லிட்டு, உள்ள ஓடுற ரெண்டாவது கலர புடிச்சு அதுல ஒரு ஷேடு கம்மியா எடுப்பாங்க. அதே வித்தைதான் இங்கயும்.

உதாரணத்துக்கு பிளாக் வாட்ச்ங்குற ரெஜிமென்ட்டோட டார்ட்டன். டார்க் பச்சை, நேவி, கருப்பு, அவ்ளோதான். இதுக்கு பாட்டில் பச்சை ஹோஸ் கண்ண மூடிட்டு போடலாம், கொஞ்சம் உயிர் வேணும்னா மெரூன் போடுங்க, டார்ட்டன்ல இல்லாத கலர்தான், ஆனா அந்த இருட்டுக்கு அது அடுப்புல தணல் இருக்குற மாதிரி நல்லா எடுக்கும். கார்டன் டார்ட்டன்ங்குறது பிளாக் வாட்ச் மேல ஒரு மஞ்சக் கோடு ஓடுறது, உடனே மஞ்ச ஹோஸ எடுக்காதீங்க, ஒத்தக் கோட்டுக்கு ரெண்டு கால் முழுக்க மஞ்சன்னா ரொம்ப ஓவர், அந்த மஞ்சள ஃப்ளாஷுக்கு வச்சுக்கிட்டு ஹோஸ பச்சையில எடுங்க. ராயல் ஸ்டூவர்ட் மாதிரி முழுச் சிவப்பு டார்ட்டன்னா சிவப்பு ஹோஸ் வேண்டவே வேண்டாம், அந்த சிவப்பும் இந்த சிவப்பும் எந்த ஜென்மத்துலயும் ஒத்துப் போகாது, கிட்டக்கிட்ட வந்து தப்பா நிக்கும், அதுதான் இருக்குறதுலயே மோசம். பாட்டில் பச்சை இல்லன்னா நேவி எடுத்தா கில்ட் கத்துற சத்தத்த ஹோஸ் கொஞ்சம் அடக்கும். மக்லௌட் ஆஃப் லூயிஸ்னு ஒண்ணு இருக்கு, மஞ்சளும் கருப்பும், நம்ம ஊரு டாக்சி ஞாபகம் வரும், அதுக்கு கரிச்சாம்பல தவிர வேற எதுவும் எனக்கு தோணல.

இன்னொண்ணு, ஒரே டார்ட்டன் பல சாயத்துல வரும். மாடர்ன்னா அடர்த்தியான கலர். ஏன்ஷியன்ட்னா வெளுத்த மாதிரி, பச்சை கிளிப்பச்சை பக்கம் போகும், நீலம் வானத்து நீலமாகும். வெதர்ட்னா மண்ணுக்குள்ள பொதைச்சு எடுத்த மாதிரி பிரவுனும் சாம்பலுமா இருக்கும். பேரு ஏன்ஷியன்ட்னு இருந்தாலும் துணி புதுசுதான், செடிகொடியில இருந்து சாயம் எடுத்த காலத்து லுக்க கொண்டு வர்றாங்க, அவ்ளோதான். மாடர்ன் பாட்டில் பச்சை ஹோஸ ஏன்ஷியன்ட் கில்ட்டோட போட்டா கால் மட்டும் வேற ஆளோடது மாதிரி தெரியும், அதனால ஏன்ஷியன்ட்டுக்கு வெளுத்த ஷேடு, வெதர்டுக்கு ஓட்ஸ் கலர், பிரவுன், லோவட் பச்சை. லோவட்ங்குறது பச்சையும் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு மங்கல் கலர், ட்வீட்ல நெறைய வரும். ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும்னா இத வாங்குங்க, முக்கால்வாசி டார்ட்டனோட சண்டை போடாது.

ஸ்டெப் 3: ஜாக்கெட்ட பக்கத்துல வைங்க

ட்வீட் ஜாக்கெட்னா ட்வீட் நூல உத்துப் பாருங்க, தூரத்துல பிரவுனா தெரியுறதுக்குள்ள ஆரஞ்சு, பச்சை, ஊதான்னு துளித்துளியா இருக்கும். அதுல ஒண்ண புடிச்சு ஹோஸ் எடுத்தா யாருக்கும் ஏன்னு தெரியாது, ஆனா எல்லாருக்கும் புடிக்கும். கருப்பு ஆர்கைல் ஜாக்கெட் பகலுக்கும் ஆகும் ராத்திரிக்கும் ஆகும், அதனால ஹோஸும் நடுவுல நிக்கலாம், பிரின்ஸ் சார்லி ஜாக்கெட் போட்டீங்கன்னா அது சாயங்கால டிரெஸ், டிசைன் ஹோஸுக்கு அனுமதி கெடச்ச மாதிரி.

ஸ்டெப் 4: டிசைனும் அது வந்த கதையும்

எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இதான், அதனால கொஞ்சம் நீட்டுவேன்.

பழைய காலத்துல ஹோஸ பின்ன மாட்டாங்க, டார்ட்டன் துணியையே வெட்டித் தைப்பாங்க. தறியில நெய்த துணிய நேரா வெட்டினா இழுபடாது, கால்ல ஒட்டி நிக்காது. அதனால குறுக்கா, மூலைவாட்டத்துல வெட்டுவாங்க, ப்ளவுஸ் தைக்கிறவங்களுக்கு கிராஸ் கட்டிங்னா உடனே புரியும். அப்படி வெட்டினப்ப துணியில நேரா இருந்த கட்டம் கால்ல சாய்ஞ்சு டைமண்ட் மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி ஊசி வச்சு பின்ன ஆரம்பிச்சப்பவும் அந்த டைமண்ட விடாம பின்னலுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க ஆர்கைல் சாக்ஸ், ஆர்கைல் ஸ்வெட்டர்னு விக்கிறது இந்த வழியில வந்ததுதான், பேரு மேற்கு ஸ்காட்லாந்துல கேம்பெல் குலத்தோட ஆர்கைல் மண்ணுல இருந்து வந்தது.

இதுலயே ரெண்டு கலர் மட்டும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வந்தா டைஸ்டு ஹோஸ். இது ராணுவத்து சொத்து. 1746-ல கொண்டு வந்த சட்டத்துல ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தோட மலைப் பகுதி) ஆளுங்க கில்ட் போடக் கூடாதுன்னு தடை, 1782-லதான் எடுத்தாங்க, ஆனா ரெஜிமென்ட்டுகளுக்கு அந்தத் தடை கிடையாது. பிளாக் வாட்ச் ரெஜிமென்ட்னா சிவப்பும் கருப்பும், ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ரெஜிமென்ட்னா சிவப்பும் வெள்ளையும். ராத்திரி ஃபார்மலுக்கு சிவிலியன் டைஸ்டு ஹோஸ் போடலாம், தப்பில்ல, ஆனா சிவப்பு வெள்ளை போட்டா எந்த ரெஜிமென்ட்ல இருந்தீங்கன்னு ஏதாவது ஒரு ரிடையர்டு தாத்தா கண்டிப்பா கேப்பாரு. பச்சை கருப்பு, நீலம் கருப்பு, சாம்பல் கருப்புன்னு எடுத்தா தப்பிச்சீங்க.

கில்ட்டோட அதே டார்ட்டன்ல ஹோஸ் பின்னிக் குடுக்குறவங்களும் இருக்காங்க, ஆர்டர் குடுத்துதான் வாங்கணும், வெலையும் அதுக்கேத்த மாதிரி. வெள்ளை டை, கழுத்துல தொங்குற லேஸ் ஜாபோ, வெள்ளி பக்கிள் ஷூன்னு உச்ச ஃபார்மல்ல அது ராஜா மாதிரி இருக்கும். ஆனா நூல் சாயம் துணிச் சாயத்தோட ஒத்து வரலன்னா பணம் போச்சு, அதனால ஆர்டர் குடுக்குறப்ப கில்ட் துணியில ஒரு துண்டு அனுப்பிடுங்க.

ராஜான்னதும் ஞாபகம் வருது, 1822-ல பிரிட்டிஷ் ராஜா நாலாம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தாரு, எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு, ஊரே டார்ட்டன்ல முக்கி எடுத்த மாதிரி. ராஜா போட்டது முழங்காலுக்கு மேலயே ஏறின கில்ட், உள்ள தோல் கலர்ல, கிட்டத்தட்ட ரோஸ் கலர்ல ஒரு டைட்ஸ். ஊரே சிரிச்சுது. ஓவியர் டேவிட் வில்கி பின்னாடி வரைஞ்ச படத்துல அந்த டைட்ஸ நைசா மறைச்சு காப்பாத்திட்டாரு. இருநூறு வருஷம் ஆகியும் மக்கள் மறக்கல, தோல் கலருக்கு கிட்ட வர்ற ஹோஸ் எதையும் எடுக்காதீங்க, உங்களுக்கு வில்கி கிடைக்க மாட்டாரு.

ஒரே கலர் ஹோஸ்லயும் பின்னல் முக்கியம். சும்மா நேர் கோடு ரிப்னா எதுக்கும் ஆகும். முறுக்குக் கயிறு மாதிரி வர்ற கேபிள் பின்னல் கால தடியா காட்டும், என்ன மாதிரி குச்சிக்கால் ஆளுங்களுக்கு வரப்பிரசாதம், ஏற்கெனவே கெண்டை உருண்டு இருக்குறவங்க ரிப்போட நில்லுங்க. மடிப்புல குமிழ் குமிழா வர்றத பாப்கார்ன் டாப்னு சொல்லுவாங்க, பேண்டுல ஒரு காலத்துல கொடிகட்டிப் பறந்தது, இப்ப பழைய ஃபேஷன். கோட்டைச் சுவர் மாதிரி மேடும் பள்ளமுமா வெட்டின மடிப்பும் உண்டு, டைஸ்டு ஹோஸ்ல அது நல்லா இருக்கும்.

அப்புறம் இந்த க்ரீம். இது காலங்காலமா வந்த மரபுன்னு நெனைக்கிறாங்க, பழைய ஓவியத்துல தேடிப் பாருங்க, கலர் கலரா கட்டம் போட்ட கால்தான் இருக்கும். போன நூற்றாண்டோட பிற்பாதியில வாடகைக் கடைங்க பெருகினப்பதான் இது பரவுச்சு, எல்லா டார்ட்டனுக்கும் ஒரே சாக்ஸ ஸ்டாக் வச்சா போதும்ல, கடைக்கு லாபம். வெளிர் கலர் டார்ட்டனோட, வெயில் நேரத்து கல்யாணத்துல, ஓட்ஸ் பக்கம் போற க்ரீம் நல்லாதான் இருக்கும். டார்க் கில்ட்டோட மட்டும் வேண்டாம், மாவுக்கட்டு.

ஸ்டெப் 5: ஃப்ளாஷ்

ஹோஸும் ஃப்ளாஷும் ஒரே கலர்னா ஃப்ளாஷ் இருக்குறதே தெரியாது. டார்ட்டன்ல இருந்து ஹோஸுக்கு ஒரு கலர் எடுத்தீங்கள்ல, ஃப்ளாஷுக்கு இன்னொண்ணு எடுங்க. சிவப்பு ஃப்ளாஷ் ஒண்ணு வாங்கி வச்சுட்டா பாதி டார்ட்டனுக்கு ஓடிடும், சாவு வீட்டுக்கு மட்டும் ஆகாது. கில்ட் டார்ட்டன்லயே ஃப்ளாஷ் தைச்சு விப்பாங்க, ஒரே கலர் ஹோஸுக்கு மட்டும் அது, டைஸ்டுக்கு மேல டார்ட்டன் ஃப்ளாஷ் போட்டா கண்ணு வலிக்கும். நாக்கு ரெண்டும் காலோட வெளிப்பக்கம் வரணும், மடிப்புக்குக் கீழ ஒண்ணு ரெண்டு இஞ்ச் தெரிஞ்சா போதும், காதணி மாதிரி தொங்க விடாதீங்க.

பழைய ஸ்டைல் வேணும்னா நெசவு பண்ணின நீளமான கார்டர் நாடா இருக்கு, சுத்தி முடிச்சு போட்டு ஓரத்த தொங்க விடணும். டிசைன் ஹோஸோட அது பிரமாதம், முடிச்சுக்கு நான் ஒரு வாரம் பழகினேன்.

ஸ்டெப் 6: போட்டுப் பாருங்க, ஷூவோட சேத்து

கில்லி ஷூவுக்கு நாக்கு கிடையாது, உள்ள இருக்குற ஹோஸ் வெளிய தெரியும், நாடாவ முறுக்கி கணுக்கால சுத்திக் கட்டணும். இத கடையில யாரும் சொல்ல மாட்டாங்க: வெளிர் ஹோஸ் மேல அந்தக் கருப்பு நாடா கயிறு கட்டின மாதிரி அப்பட்டமா தெரியும், டார்க் ஹோஸ்ல மறைஞ்சுடும். அதனால க்ரீம் போட்டா நாடாவ ஒழுங்கா கட்டணும், அதுவும் கணுக்காலோட நிறுத்திடணும், கெண்டை வரைக்கும் ஏத்தினா பாலே டான்சர் ஆயிடுவீங்க.

முதல்ல ஹோஸ முழுசா மேல இழுங்க, ரிப் கோடு நேரா ஓடுதான்னு பாருங்க, அப்புறம் பட்டைய முழங்காலுக்குக் கீழ மாட்டி, அது மேல மூணு இஞ்ச் அளவுக்கு மடிங்க. மடிப்போட மேல் விளிம்புக்கும் முழங்கால் சில்லுக்கும் நடுவுல மூணு விரல் இடம் வேணும். முழங்கால் வரைக்கும் இழுத்து விட்டா ஸ்கூல் பையன், பாதிக் காலுக்கு எறங்கினா குடிச்சுட்டு வந்தவன். பட்டை இறுக்கமா இருந்தா ரெண்டு மணி நேரத்துல கால் மரத்துப் போகும், தளர்வா இருந்தா ஸ்ட்ரிப் த வில்லோ கதைதான்.

ஸ்கியன் டூவ வலது கை ஆளுன்னா வலது காலுக்குள்ள, மேல் பிடி மட்டும் கொஞ்சம் தெரியுற மாதிரி வைங்க. தேசிய உடையோட ஒரு பகுதியா வச்சிருந்தா ஸ்காட்லாந்து சட்டத்துல விலக்கு இருக்கு, ஆனா சில ஹால்ல உள்ள விட மாட்டாங்க, ஃப்ளைட்ல போறீங்கன்னா செக்-இன் பெட்டியில போட்டுடுங்க. ரொம்ப மெல்லிசான ஹோஸ்ல கத்தி சாய்ஞ்சு நடக்குறப்ப குத்தும், வாங்கும்போதே சொருகிப் பாருங்க.

ஸ்டெப் 7: துவைக்கிறது

முழுக் கம்பளிய விட கொஞ்சம் நைலான் கலந்தது ஒழைக்கும், குதிகால் சீக்கிரம் ஓட்டையாகாது. உள்பக்கம் திருப்பி குளிர்ந்த தண்ணியில கம்பளிக்கான சோப்புல அலசுங்க, முறுக்கிப் பிழியாதீங்க, டவல்ல சுருட்டி அமுக்கி எடுத்து, தரையில படுக்க வச்சு காய விடுங்க. கொடியில தொங்க விட்டா தண்ணி வெயிட்டுல நீண்டுடும், ட்ரையர்ல போட்டா சின்னப் பையனுக்குதான் ஆகும், என் மெரூன் ஜோடி அப்படித்தான் போச்சு. புதுசா வாங்கின டார்க் கலர முதல் தடவை தனியா துவைங்க, க்ரீமோட போட்டுட்டு ரோஸ் ஹோஸ் வந்துச்சுன்னா நாலாம் ஜார்ஜ்தான் தொணை.

எடுத்து வைக்கும்போது பூச்சி அரிக்காம மூடுற பையில போட்டு வைங்க. பாச்சா உருண்டை போட்டீங்கன்னா விசேஷத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வெளிய எடுத்து காத்தாட போட்டுடுங்க. போன பர்ன்ஸ் சப்பர்ல நான் மறந்துட்டேன், விருந்தோட ஸ்பெஷல் கறி ஐட்டம் ஹாகிஸ் ஆவி பறக்க வந்து எறங்குது, எங்க டேபிள்ல மட்டும் பழைய பீரோவத் தொறந்த வாசனை.